மெத்தனால் எந்த வகை

கலியபெருமாள் சிறைக்காவலர். இருபத்திரண்டு வருடமாகக் காலையும் மாலையும் கைதிகளை எண்ணி வந்தவர். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரிடம், அவருடைய நாற்பத்தாறாவது வயதில், எண்ணுவது தப்பு என்று ஒரு கைதி சொன்னான்.

அது நடந்தது சிறை நூலகத்தில். நூலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு இரும்பு பீரோ, ஒரு நீள மேசை, மூலையில் ஒரு கேரம் போர்டு. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அங்கே அவருக்குக் காவல். கைதிகள் அந்த வெயிலில் படிக்க வருவது குறைவு. அதனால் கலியபெருமாள் தானே படிக்க ஆரம்பித்தார்.

ப்ளஸ் டூவில் அவருக்கு வேதியியல் மட்டும் நின்றுபோயிருந்தது. நின்று இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. அதை எழுதி முடித்தால் தபால் வழியில் டிகிரி படிக்கலாம். டிகிரி வந்தால் உதவி ஜெயிலர் வரிசையில் பேர் போகும். அவர் மனைவி தமிழரசி பழைய புத்தகக் கடையில் ஒரு கையேடு வாங்கி, அட்டை போட்டுக் கொடுத்திருந்தாள்.

அன்று அவர் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. கீழ்க்கண்ட நான்கு பியூட்டனால்களை ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால்களாக வகைப்படுத்துக. நான்கிலும் கார்பன் நாலு, ஹைட்ரஜன் பத்து, ஆக்ஸிஜன் ஒன்று. கலியபெருமாள் படங்களை விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணினார். இரண்டாவது படத்தில் ஒரு கிளை பிரிந்தது. கிளை இருக்கிறதே என்று, ஈரிணையம் எனச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"சார், அது ஓரிணையம்."

குரல் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. நூலக வேலையில் இருந்த கைதி மதிவாணன். முப்பத்து மூன்று வயது. கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"உன்ன யாருய்யா கேட்டா?"

"யாரும் கேட்கல சார்."

கலியபெருமாள் பேனாவை மூடினார். திறந்தார். விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ஓரிணையம் என்றுதான் இருந்தது.

"எப்படிச் சொன்ன? வாய்விட்டு எண்ணினதைக் கேட்டா?"

"ஆமா சார். நீங்க எண்ணினது சரி. எண்ண ஆரம்பிச்ச இடம் தப்பு."

"இங்க வா."

மதிவாணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வேதியியலில் எம்.எஸ்சி. என்று சொன்னான். வேறு எதுவும் சொல்லவில்லை. கேரம் போர்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காய்களைக் கொட்டினான்.

"கறுப்பு கார்பன். வெள்ளை ஹைட்ரஜன். சிவப்பு ஆக்ஸிஜன்."

நாலு கறுப்புக் காய்களைச் சேர்த்து வைத்தான். ஓரத்துக் கறுப்பின் மேல் சிவப்பை ஒட்டினான். சுற்றி வெள்ளைகளை அடுக்கினான். ஒன்பதுதான் இருந்தது.

"ஒண்ணு குறையுதே," என்றார் கலியபெருமாள். எண்ணிப் பழகிய கண்.

"அது சிவப்போட ஒட்டியே திரியும். தனியா வைக்க வேணாம்."

"சரி. சொல்லு."

"சிவப்பைப் பாருங்க. அது எந்தக் கறுப்புமேல உட்கார்ந்திருக்கு?"

"இதுமேல."

"அந்தக் கறுப்பை எத்தனை கறுப்பு தொட்டுக்கிட்டிருக்கு?"

"ஒண்ணு."

"ஓரிணையம்."

"அந்தப் பக்கம் கிளை போகுதே. அங்க ரெண்டு நிக்குதே."

"அது அடுத்தவரோட வீட்டு விஷயம் சார்."

கலியபெருமாள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை கைதிகளை எண்ணும்போது அந்தச் சொல் இரண்டு தடவை ஞாபகம் வந்தது.

மறுநாள் அவரும் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து குனிந்தால் முதுகு பிடித்தது. மூன்றே நாளில் நாலு பியூட்டனாலையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கத் தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு கறுப்பு, அதன் மேல் சிவப்பு, அதைச் சுற்றி மூன்று கறுப்பு. அதுதான் மூவிணையம். அவருக்கு அது பிடித்திருந்தது. பார்க்கவே பலமாக இருந்தது.

பிறகு லூகாஸ் சோதனை வந்தது. துத்தநாகக் குளோரைடைக் கரைத்த அமிலத்தை ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும். எது எப்போது கலங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து வகை சொல்ல வேண்டும்.

"மூவிணையம் ஊத்தின உடனே கலங்கிடும்," என்றான் மதிவாணன். "ஈரிணையம் அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். ஓரிணையம் அறை வெப்பத்துல கலங்காது."

"தலைகீழா இருக்கே."

"எப்படி சார்?"

"மூணு பேர் சுத்தி நிக்கறாங்க. அதுதானே அசையாம இருக்கணும்? ஒருத்தர் மட்டும் நிக்கிறதுதானே முதல்ல கலங்கணும்?"

மதிவாணன் காய்களை டப்பாவில் போட்டான்.

"புதன்கிழமை உங்களுக்கு எங்க டியூட்டி?"

"மனு அறையில."

மனு என்பது கைதியைப் பார்க்க வீட்டார் வருவது. அந்த அறையில் இரண்டு கம்பிவலை. இந்தப் பக்கம் கைதி, அந்தப் பக்கம் வந்தவர்கள், நடுவில் ஒரு முழம் இடைவெளி. காவலர் ஓரத்தில் நின்று நேரம் பார்ப்பார்.

"அப்ப வியாழக்கிழமை பேசிக்கலாம் சார்," என்றான் மதிவாணன்.

புதன்கிழமை கலியபெருமாள் நின்றார். இத்தனை வருடமும் அங்கே அவர் பார்த்தது கடிகாரத்தையும் கைகளையும்தான். எதையாவது வலை வழியாகக் கடத்துகிறார்களா என்று. அன்று முகங்களைப் பார்த்தார்.

தாமோதரன் என்று ஒருவன். ஆயுள் கைதி, முரடன், யாருக்கும் மசியாதவன். அவனுக்கு அப்பாவும் மனைவியும் தங்கையும் வந்திருந்தார்கள். அவர்கள் மூன்று பேரும் வலைக்கு வந்து நின்ற மாத்திரத்தில், ஒரு வார்த்தை பேசுமுன், அவன் முகம் உடைந்துபோயிற்று. சட்டையைத் தூக்கி மூஞ்சியை மூடிக்கொண்டான்.

பக்கத்தில் ஒருவனுக்கு இரண்டு அண்ணன்கள். கோர்ட், வக்கீல், நிலத்துப் பத்திரம் என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கலியபெருமாள் மணியைப் பார்த்தார். எட்டாவது நிமிடத்தில் அவன் குரல் அடைத்தது.

கடைசியில் ஒரு பையனுக்கு அவன் அம்மா மட்டும். அவள் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னாள். அவன் எந்த ஓட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னான். இருபது நிமிடமும் அதுதான். இரண்டு பேர் கண்ணிலும் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை மதிவாணன் பசைச் சட்டியை வைத்துவிட்டு வருமுன்பே, கலியபெருமாள் கையேட்டைப் பார்க்காமல் லூகாஸ் அட்டவணையை முழுவதும் எழுதி முடித்திருந்தார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

"பார்த்தேன்."

மதிவாணன் தாளை வாங்கிப் படித்தான். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினான்.

"இது ஞாபகம் வச்சுக்கத்தான் சார். உண்மையான காரணம் வேற. சிவப்பு விட்டுட்டுப் போன பிறகு அந்தக் கறுப்பு எப்படித் தாக்குப்பிடிக்குதுங்கறதுல இருக்கு. பரீட்சையில அதைத்தான் எழுதணும்."

"சொல்லு."

அன்று நாலு மணி அடித்தும் அவர்கள் எழவில்லை.

மனு அறைப் பதிவேட்டைக் கலியபெருமாள் அடுத்த வாரம் புரட்டினார். எதற்காகப் புரட்டினார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கைதி எண் 4417. மதிவாணன் உள்ளே வந்து மூன்று வருடம் இரண்டு மாதம். அவன் பேருக்கு எதிரே ஒரு வரிகூட இல்லை.

அன்று நூலகத்தில் அவர் ஒரு கறுப்புக் காயை எடுத்துத் தனியாக வைத்தார். மேலே சிவப்பு. சுற்றி மூன்று வெள்ளை.

"இது மெத்தனால்தானே?"

"ஆமா சார்."

"புத்தகத்துல ஓரிணையத்துல போட்டிருக்கான். எண்ணிப் பார்த்தா பக்கத்துல ஒரு கறுப்புகூட இல்ல. இது எந்த வகை?"

மதிவாணன் அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்ணினா பூஜ்யம்தான் சார். பெரும்பாலும் ஓரிணையம் மாதிரி நடந்துக்கும். அதனால அதோட சேர்த்து வச்சிருக்காங்க."

"பெரும்பாலும்னா?"

"இன்னைக்குப் போதும் சார்."

நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவன் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டான். மறுநாளும் தலைவலி என்று சொன்னான்.

கலியபெருமாளுக்குக் கோபம் வந்தது. ஒரு கைதி தன்னைக் காக்க வைப்பதா என்று இருந்தது. அலுவலகத்துக்குப் போய் எழுத்தரிடம் 4417 கோப்பைக் கேட்டார்.

"அதுவா," என்றார் எழுத்தர். "அந்த விஷச் சாராயக் கேஸு. ஒன்பது பேர் செத்தாங்களே. சரக்குல கலந்த மெத்தனால் இவன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்துதான் போச்சு. கையெழுத்து இவனோடது."

கலியபெருமாள் கோப்பை வாங்காமலே திரும்பினார்.

நூலகத்தில் மதிவாணன் ஒரு அகராதியின் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தான். கலியபெருமாள் தன் கையேட்டை மேசையிலிருந்து எடுத்துப் பையில் போட்டார்.

"எல்லாம் தெரிஞ்சவன்தானே நீ?"

மதிவாணன் எழுந்து நின்றான்.

"எத்தனை கறுப்பு, எத்தனை வெள்ளைன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தியே. உனக்குத் தெரியாமலா போச்சு அது?"

"தெரியும் சார்."

"உன் பாடம் எனக்கு வேணாம்."

ஒன்பது நாள் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. தமிழரசி ராத்திரிச் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"படிக்கிறதில்லையா இப்பல்லாம்?"

"வாத்தியார் சரியில்ல."

"தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டாரா?"

"பாடம் சரியாத்தான் இருந்தது."

"பின்ன?"

கலியபெருமாள் குழம்பை ஊற்றச் சொன்னார். அவள் ஊற்றினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குத்தான் அந்த 'பின்ன' என்பது காதில் கிடந்தது.

பத்தாம் நாள் கையேட்டை மேசையில் வைத்தார். மதிவாணன் அதைப் பார்த்தான். வரவில்லை.

"ஒண்ணு கேட்கணும்," என்றார் கலியபெருமாள்.

"கேளுங்க சார்."

"உன்னப் பார்க்க ஏன் யாரும் வர்றதில்ல? யாருமே இல்லையா?"

"அம்மா இருக்காங்க."

"பின்ன என்ன, வர முடியாத உடம்பா?"

"நல்லா இருக்காங்க சார். செத்தவங்கள்ல ரெண்டு பேர் எங்க ஊரு. அதே தெரு. அம்மா பஸ் ஸ்டாப்புல நின்னா, எங்க போறீங்கன்னு கேட்பாங்க. கேட்கறது அந்த வீட்டுக்காரங்களா இருந்தா அம்மா என்ன சொல்வாங்க?"

கலியபெருமாள் தானே போய்க் கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்தார்.

"ஃபீனால் பாடம் இன்னும் முடிக்கல," என்றார்.

மதிவாணன் வந்து காய்களைக் கொட்டினான்.

அடுத்த மாதம் மேலே ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. நூலகத்தில் காவலர் தரையில் உட்காருகிறார், கைதி அவரை அதட்டுகிறான், இருவருக்கும் என்ன ஏற்பாடு என்று விசாரிக்க வேண்டும் என்று. யார் எழுதியது என்று தெரியவில்லை. யாராகவும் இருக்கலாம்.

ஜெயிலர் சகாயராஜ் கலியபெருமாளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் வேலைக்கு வந்தவர்கள். சகாயராஜ் டிகிரி படித்திருந்ததால் மேலே போய்விட்டார். மற்றபடி நல்ல மனிதர்தான்.

"உட்காரய்யா. படிச்சியாமே?"

"ஆமா சார். வேதியியல்."

"அவன்கிட்டயா?"

"ஆமா."

"நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டா அது ஒண்ணுமில்ல. பேப்பர்ல வந்தா அது வேற. சூப்பிரண்டு விளக்கம் கேட்கச் சொல்லிட்டார். உன்னைக் காப்பாத்தணும், அதுதான் எனக்கு. ரெண்டு வரி எழுதிக் கொடு."

"என்னன்னு சார்?"

சகாயராஜ் ஒரு வெள்ளைத் தாளை நீட்டிவிட்டு, வாயாலேயே சொன்னார். "நூலகப் பணியின்போது மேற்படி கைதி தானாக என்னை அணுகினார். இனி இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

அணுகினார் என்ற சொல்லுக்குச் சிறையில் ஒரு தனி அர்த்தம் உண்டு. கைதி காவலரை அணுகினான் என்றால் போனுக்கோ பீடிக்கோ கஞ்சாவுக்கோ தூண்டில் போட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். கலியபெருமாளுக்கும் அது தெரியும், சகாயராஜுக்கும் தெரியும்.

"அவனுக்கு என்ன ஆகும் சார்?"

"தண்டனைக் குறைப்புல பதினோரு மாசம் சேர்த்து வச்சிருக்கான். அது போகும். வேற ஜெயிலுக்கு மாத்துவாங்க. அவனுக்கென்ன, பார்க்க வர்றதுக்கு எவன் இருக்கான்? எங்க இருந்தா என்ன?"

கலியபெருமாள் தாளை வாங்கிக்கொண்டார்.

"யோசிக்காத," என்றார் சகாயராஜ். "அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா சொல்லு. முதல்ல பேசினது அவன்தானே?"

"அவன்தான்."

"அப்புறம் என்ன."

இதன் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். கலியபெருமாள் கொடுத்த விளக்கம் மூன்று பக்கம் போயிற்று. எந்தத் தேதியில் எந்தப் பாடம், யார் எங்கே உட்கார்ந்தது, என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான், அவன் எதுவும் கேட்டு வாங்கவில்லை என்பது வரை அதில் இருந்தது. படித்துவிட்டு சகாயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். கலியபெருமாளுக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. நூலகத்திலிருந்து எடுத்துச் சுற்றுமதில் கோபுரத்தில் போட்டார்கள். உதவி ஜெயிலர் வரிசை இன்னும் தள்ளிப் போயிற்று. மதிவாணனின் பதினோரு மாதம் அப்படியே இருந்தது. அவனை மாற்றவும் இல்லை. மார்ச் மாதத் தேர்வில் கலியபெருமாள் அறுபத்து மூன்று மதிப்பெண் வாங்கினார். தமிழரசி கேசரி கிண்டினாள்.

ஆனால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ஜெயிலர் அறையை விட்டு வெளியே வந்தபோது அவர் மனதில் இருந்தது இரண்டு வரிதான். எழுதிவிடுவது என்றே முடிவு செய்திருந்தார். ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. அதை யாரிடமாவது கேட்டுத் தீர்த்துக்கொண்டால் எழுதிவிடலாம். கேட்பதற்கு அவருக்கு ஒரே ஆள்தான் இருந்தான்.

மூன்று மணிக்கு நூலகத்துக்குப் போனார். தாளைக் கேரம் போர்டின் மேல் வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த இரண்டு வரியையும், பதினோரு மாதத்தையும், எங்க இருந்தா என்ன என்று ஜெயிலர் சொன்னதையும்கூட.

மதிவாணன் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் ஒட்டிய பசை காய்ந்துபோயிருந்தது. அதை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக் கொடுத்துடுங்க சார்," என்றான். "உங்களுக்குக் குடும்பம் இருக்கு."

"அதைக் கேட்க வரல."

"பின்ன?"

"இதுல பொய் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு. நானும் வழியெல்லாம் தேடிப் பார்த்தேன். கிடைக்கல. நீதான் முதல்ல பேசின. அணுகினார்னு எழுதினா அது நடந்ததுதான்."

வெளியே மைதானத்தில் யாரோ பெயர்ப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை மதிவாணன் காத்திருந்தான்.

"நான் ஸ்டோர்ல இருந்தேன் சார். பெயிண்ட்ல கலக்கற தின்னர் பண்ற கம்பெனி. ஒருநாள் மேனேஜர் வந்து, ரெண்டு டிரம் வெளிய போகணும், கேட் பாஸ் போடுங்கன்னார். யாருக்குன்னு கேட்டேன். தெரிஞ்சவங்கன்னார். அதுக்கு மேல கேட்கல. கோர்ட்ல எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். தெரியாதுதான். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

கலியபெருமாள் தரையில் உட்கார்ந்தார்.

"கேட் பாஸ்ல 'பொருள்'னு ஒரு கட்டம். அதுல முழுப் பேரும் போட்டா செக்போஸ்ட்ல நிறுத்தி லைசென்ஸ் கேட்பான், பொதுவா எழுதுங்கன்னார் மேனேஜர். சரின்னு ஒரே ஒரு சொல் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். டிரம் ஏத்த வந்த லோடுமேன் அந்தச் சீட்டை வாங்கி வாய்விட்டுப் படிச்சார். என்னைப் பார்த்துச் சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

"அந்த லோடுமேன்?"

"அவரும் குடிச்சார். உயிர் தப்பிச்சிட்டார். கண் போச்சு."

கலியபெருமாள் தாளைப் பார்த்தார். அதில் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

"ஆல்கஹால்."

"அப்ப பொய்தானே எழுதியிருக்கீங்க."

"இல்ல சார். மெத்தனாலும் ஆல்கஹால்தான்."